பாட்டிலை உதறும் குழந்தைக்கு எந்தக் கப்?

என் மகள் ஃபீடிங் பாட்டிலைக் கண்டாலே முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துவாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். மனைவி வேலைக்குத் திரும்ப மூன்று வாரம் பாக்கி; பகலில் பார்த்துக்கொள்ளப் போவது நான். நான்கு விதமான நிப்பிள் மாற்றியாயிற்று. வெதுவெதுப்பாக, ஆறவைத்து, தூக்கக் கலக்கத்தில், தோளில் போட்டு நடந்துகொண்டே என்று எல்லா விதத்திலும் நீட்டிப் பார்த்தாயிற்று. ஒரு மதியம் வேறு வழி தெரியாமல், சிரப் பாட்டிலின் தலையில் கவிழ்த்திருந்த அளவு மூடியைக் கழுவி, 10 மில்லி தாய்ப்பாலை ஊற்றி அவள் கீழுதட்டில் வைத்தேன். கத்தல் நின்றது. நாக்கை நீட்டி ஒரு நக்கு. முகத்தைச் சுளித்தாள். மறுபடி ஒரு நக்கு. அப்புறம் இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து இழுத்தாள். பாதிப் பால் கழுத்து மடிப்பில் இறங்கியது, மீதி உள்ளே போனது.

அதற்குப் பிறகு திறந்த கப், மூக்கு வைத்த சிப்பர், 360 டிகிரி கப், ஸ்ட்ரா கப் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன. சில உதவின, சில அலமாரியில் தூங்கின. எதை யாருக்கு, எந்த வயதில் எடுப்பது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நிறையப் பாலும் கொஞ்சம் மண்டையிடியும் மிச்சமாகியிருக்கும்.

முதலில், பாட்டிலோடு இன்னும் மல்லுக்கட்டுவதா?

பிறந்த குழந்தை வாயில் எது பட்டாலும் உறிஞ்சும். அது அனிச்சைச் செயல். மூன்று, நான்கு மாதம் ஆகும்போது அந்த அனிச்சை மெல்ல விலகி, உறிஞ்சுவதா வேண்டாமா என்பதைக் குழந்தையே தீர்மானிக்க ஆரம்பிக்கிறது. முதல் மாதத்தில் சமர்த்தாகப் பாட்டிலில் குடித்த பிள்ளைகூடத் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை, தினமும் பல மணி நேரம் தாயைப் பிரிந்திருக்க வேண்டும் என்றால், பாட்டிலுக்கு இன்னும் ஒரு இரண்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. ஐந்து மாதத்தைத் தாண்டிவிட்டது என்றால் என் ஓட்டு நேராகக் கப்புக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சுமார் ஆறு மாதத்தில் கப்பை அறிமுகப்படுத்தவும், 12 முதல் 18 மாதத்துக்குள் பாட்டிலை நிறுத்திவிடவும் சொல்கிறது. ஐந்தாம் மாதத்தில் அழ அழப் பழக்கிவிட்டு, அடுத்த வருடம் அதையே அழ அழப் பிடுங்குவானேன்?

ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். பாட்டிலின் மேல் பழி போடுவதற்கு முன்னால், எடுத்து வைத்த தாய்ப்பாலை நீங்களே ஒரு சொட்டு நக்கிப் பாருங்கள். சில தாய்மார்களின் பாலில் கொழுப்பை உடைக்கும் லைபேஸ் என்ற நொதி சுறுசுறுப்பாக இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்த சில மணி நேரத்தில் பால் சோப்பு வாடை அடிக்கும். கெட்டுப்போன பால் இல்லை, ஆனால் பல குழந்தைகளுக்கு அந்த ருசி பிடிக்காது. அப்படியானால் கப்பை மாற்றிப் பயனில்லை. பாலைப் பீய்ச்சிய உடனே, பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழி வரும்வரை சூடாக்கி, சட்டென்று ஆறவைத்துச் சேமிக்க வேண்டும். ஏற்கெனவே வாடை வந்த பாலைச் சூடாக்கினால் வாடை போகாது. மூக்கடைப்பு, வாய்க்குள் வெள்ளை படிந்த புண், காதுவலி இதெல்லாம் இருந்தாலும் குழந்தை குடிக்க மறுக்கும். அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

"பசிச்சா தன்னால குடிப்பா, விடுங்க மாப்பிள்ளை" என்றார் என் மாமியார். அவர் சொன்னது நல்ல மனதோடுதான். ஆனால் பசி முற்றிய குழந்தை புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது. அது அழும், காற்றை விழுங்கும், அப்புறம் அந்தச் சாமானைப் பார்த்தாலே அழும். பயிற்சிக்கு ஏற்ற நேரம் அரைப்பசி. தூங்கி எழுந்து சிரித்துக்கொண்டிருக்கும் பத்து நிமிடம்.

சின்னத் திறந்த கப்

மூக்கும் மூடியும் இல்லாத, 30 முதல் 60 மில்லி பிடிக்கிற, விளிம்பு மழமழப்பான சின்னக் கப். பார்த்தால் இதில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் பிறந்த நாளிலிருந்தே பயன்படுத்தக்கூடியது இது. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991-ல் தாய்ப்பாலுக்கு ஆதரவான மருத்துவமனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ரப்பர் நிப்பிளே கூடாது என்பது அதன் பத்து விதிகளில் ஒன்று. 2018-ல் அந்த விதியைத் தளர்த்தி, பாட்டில், நிப்பிள் ஆகியவற்றின் பயன், ஆபத்து இரண்டையும் தாய்க்கு எடுத்துச் சொன்னால் போதும் என்று மாற்றினார்கள். நேரடியாகப் பால் குடிக்க முடியாத குறைமாதக் குழந்தைக்குப் பாட்டிலைவிடக் கப்போ ஸ்பூனோ நல்லது என்பது மட்டும் மாறவில்லை. கப்பில் பாலும் பூஞ்சையும் ஒளிந்துகொள்ளச் சந்து பொந்து கிடையாது. சோப்புப் போட்டுக் கழுவினால் சுத்தம். இதற்கு அந்த நிறுவனங்கள் ஆதரவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாட்டிலை மறுக்கும் குழந்தை கப்பை ஏற்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. நிப்பிள் நாக்கின் மேல் நீளமாகப் படுத்து, பாலை வாயின் பின்பகுதியில் விடுகிறது. சில குழந்தைகளுக்கு அது குமட்டும். கப்பில் பால் உதட்டருகே நிற்கும். கீழுதடு கப்பைத் தாங்க, நாக்கு வெளியே வந்து தேவையானதை எடுத்துக்கொண்டு உள்ளே போகும். எவ்வளவு, எப்போது என்பது குழந்தையின் கையில். நாம் ஊற்றாதவரைக்கும்.

எல்லாரும் செய்யும் தப்பு அந்த ஊற்றுவதுதான். நானும் செய்தேன். இரண்டாம் நாள், 'நேற்றுக் குடித்தாளே' என்ற தைரியத்தில் கப்பைக் கொஞ்சம் வேகமாகச் சாய்த்தேன். புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. கப்பை எப்படிப் பிடிப்பது என்பதை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

குழந்தையை மடியில் ஏறக்குறைய நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கையால் தோளையும் கழுத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும். மிகச் சின்னக் குழந்தை என்றால் கைகளைத் துணியில் சுற்றிவிடலாம், கப்பைத் தட்டிவிடாது. கப்பைப் பாதிக்கு மேல் நிரப்பி (அடியில் கொஞ்சூண்டு இருந்தால் தலைகீழாகச் சாய்க்க வேண்டிவரும்) அதன் விளிம்பைக் கீழுதட்டின் மேல் பாரம் இல்லாமல் வைக்க வேண்டும். விளிம்பின் இரு ஓரமும் மேலுதட்டின் வெளிப்பக்கத்தைத் தொட வேண்டும். பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்து, அங்கேயே நிறுத்துங்கள். அசைக்காதீர்கள். சில நொடியில் நாக்கு வெளியே வரும். குறைமாதக் குழந்தை நக்கும். வளர்ந்த குழந்தை உறிஞ்சிக் குடிக்கும். நடுவே நிறுத்தி மூச்சு வாங்கும்போதும் கப் அதே இடத்தில் இருக்கட்டும். வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் போதும் என்று பொருள்.

சிந்தும், நிறையவே சிந்தும். பீய்ச்சி எடுத்த பால் குழந்தையின் கழுத்துத் துணியில் ஊறுவதைப் பார்க்கும் தாயின் முகத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. எனவே முதல் வாரம் 10, 15 மில்லியாகத்தான் பாத்திரத்திலிருந்து எடுக்க வேண்டும். அந்த அளவுக்கு ஏற்றது சிரப் மூடி போன்ற குட்டிச் சாமான்தான். கழுத்தைச் சுற்றி ஒரு துணியைச் சொருகிவைத்து, அந்தத் துணியின் ஈரத்தையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வளைவாக வெட்டிய கப்பும் கிடைக்கிறது. மூக்கில் இடிக்காது, பால் எங்கே நிற்கிறது என்று நமக்குத் தெரியும். வாங்குவதாக இருந்தால் அதை வாங்குங்கள்.

இதன் உண்மையான குறை சிந்துவது இல்லை, ஆள். பக்கத்தில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவரிடம் இதை எதிர்பார்ப்பது கஷ்டம்.

பாலாடை, ஸ்பூன், சிரிஞ்ச்

மிகச் சின்னக் குழந்தைக்கும் மிகச் சிறிய அளவுக்கும் இவை சரி. நீண்ட மூக்குள்ள பாலாடையில் சிந்துவது குறைவு. ஆனால் ஊற்றிவிட வேண்டும் என்ற ஆசை அதில் அதிகம், கை கவனமாக இருக்க வேண்டும். சிரிஞ்சில் கொடுத்தால் கன்னத்தின் உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், நேராகத் தொண்டையை நோக்கிப் பீய்ச்சக் கூடாது. ஐந்து மாதக் குழந்தைக்குப் பகல் முழுக்க ஸ்பூனால் புகட்ட நினைத்தால் ஒரு வேளை முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

மூக்கு வைத்த சிப்பர்

பாட்டிலை மறுத்த குழந்தைக்கு அடுத்ததாக எல்லாரும் வாங்கித் தருவது இதைத்தான். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாத சிப்பருக்குள் ஒரு வால்வு இருக்கிறது. அதைத் திறக்க அழுத்தி உறிஞ்ச வேண்டும். அதாவது பாட்டிலில் செய்யும் அதே வேலை, இன்னும் கெட்டியான மூக்கோடு. பாட்டில் பிடிக்காத குழந்தைக்கு இது மட்டும் ஏன் பிடிக்கப் போகிறது? கசியாத சிப்பர் காப்பாற்றுவது நம் தரையை. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை வால்வு இல்லாத, தானாகப் பால் வரும் கப்பைத்தான் சொல்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அதையே சொல்கிறது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சிப்பர் கிடக்கிறது என்றால் வால்வைக் கழற்றிவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். சில குழந்தைகளுக்கு அந்தச் சின்ன மாற்றமே போதும். கழற்றிய வால்வை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எவ்வளவு பால் அதற்குள் உறைந்திருக்கிறது என்பதும் தெரியும்.

360 டிகிரி கப்

பார்க்கத் திறந்த கப் மாதிரி, மேலே ஒரு சிலிக்கோன் வட்டு. உதட்டால் விளிம்பை அழுத்தி உறிஞ்சினால் எந்தப் பக்கத்திலிருந்தும் பால் வரும், விட்டால் மூடிக்கொள்ளும். பயணத்துக்கு இது நல்ல சாமான், மறுக்க மாட்டேன். ஆனால் இதில் குடித்துப் பழகினால் திறந்த கப் தானாக வந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. திறந்த கப்பில் குழந்தை கற்றுக்கொள்ளும் பாடமே எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு வரும் என்பதுதான். இதில் எவ்வளவு சாய்த்தாலும் ஒன்றுதான். ஆறு, ஏழு மாதக் குழந்தைக்கு அந்த அழுத்தமும் எளிதில் வராது. விளிம்பைக் கடித்து இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு வயதுக்குப் பக்கத்தில் இதை எடுக்கலாம்.

ஸ்ட்ரா

சிப்பருக்குப் போக வேண்டிய பணம் இதற்குப் போகட்டும். ஆறு மாதத்துக்கு மேல், நிமிர்ந்து உட்காரத் தெரிந்த குழந்தை ஸ்ட்ராவைக் கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு ஒன்பது மாதம்வரை ஆகும். உறிஞ்சுவது என்றாலும் பாட்டில் மாதிரி இல்லை. உதட்டைக் குவிக்க வேண்டும், நாக்கு பின்னால் போக வேண்டும். நிப்பிள் போல வாய் நிறைய எதுவும் இருக்காது.

சொல்லிக்கொடுக்க ஒரு தந்திரம் உண்டு. ஸ்ட்ராவைப் பாலில் முக்கி, மேல் முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே கொஞ்சம் பால் நிற்கும். கீழ் முனையைக் குழந்தையின் உதட்டுக்குள் வைத்து, அது வாயை மூடிய பிறகு விரலை எடுங்கள். சில சொட்டு இறங்கும். பத்துப் பதினைந்து தடவை இப்படிச் செய்த பிறகு, விரலை எடுக்காமல் ஒரு நொடி காத்திருங்கள். குழந்தை தானே இழுத்துப் பார்க்கும். எங்கள் வீட்டில் மூன்றாவது நாள் அது நடந்தது. பால் வாய்க்குள் வந்ததும் அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள், நான் ஏதோ ஏமாற்று வேலை செய்துவிட்டது போல. அமுக்கினால் பால் மேலே ஏறும் மிருதுவான கப்பும் இதற்கென்றே கிடைக்கிறது. மெதுவாக அமுக்குங்கள், இல்லையென்றால் புரையேறும்.

ஸ்ட்ரா குட்டையாகவும் மிருதுவாகவும் இருக்கட்டும். அதன் முனை உதட்டைக் கொஞ்சம்தான் தாண்ட வேண்டும். நாக்கின் மேல் நீளமாகக் கிடந்தால் அது மறுபடி நிப்பிள்தான். கழுவ மெல்லிய பிரஷ் கட்டாயம் வேண்டும்.

எவ்வளவு குடித்தால் போதும்?

தினமும் இரவு எங்களைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். ஒன்று முதல் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கிறது. 570 முதல் 900 வரை எதுவும் இயல்பே. தாய் பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி என்பது ஒரு தோராயக் கணக்கு. எட்டு மணி நேரத்துக்கு 240 முதல் 360 மில்லி. கிளம்பும்போது ஒரு முறை, திரும்பியதும் ஒரு முறை நேரடியாகக் கொடுத்துவிட்டால் இடையில் கப்பால் அடைக்க வேண்டிய பள்ளம் சின்னதாகிவிடும்.

முதல் நாட்களில் அந்தப் பள்ளமும் நிறையாது. பல குழந்தைகள் பகலில் பேருக்குக் குடித்துவிட்டு, அம்மா வந்ததும் மாலையிலும் இரவிலும் ஈடுகட்டும். என் மகள் முதல் வாரம் பகல் முழுக்க 90 மில்லியைத் தாண்டவில்லை. இரவில் நான்கு தடவை எழுந்தாள். "ஏங்க, பகல்ல நீங்க பட்டினி போடறீங்க, ராத்திரி நான் தண்டனை அனுபவிக்கிறேன்" என்றாள் மனைவி. அதனால் ஒவ்வொரு வேளையையும் அளந்து பதறாமல் 24 மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நாளொன்றுக்கு ஆறு டயப்பராவது நனைகிறதா, எடை ஏறுகிறதா என்பதுதான் அளவுகோல். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே இல்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எந்தக் கப்பில் கொடுத்தாலும் ஒவ்வொரு முறையும் இருமல், குடித்த பிறகு குரல் கரகரப்பு என்றாலும் அப்படியே. அது விழுங்குவதில் உள்ள சிக்கலாக இருக்கலாம்.

ஆறு மாதத்துக்கு முன்னால் பயிற்சிக்காகக்கூடத் தண்ணீர் கூடாது, தாய்ப்பாலோ ஃபார்முலாவோ மட்டும்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு 120 முதல் 240 மில்லி தண்ணீர்வரை போகலாம். அப்போது கப் பயிற்சியும் சுலபமாகிவிடும், தண்ணீர் சிந்தினால் யாருக்கும் மனம் வலிக்காது. மாட்டுப்பாலைக் குடிபாலாகக் கொடுப்பது ஒரு வயதுக்கு மேல். குழந்தை வாய் வைத்து மீந்த தாய்ப்பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், ஃபார்முலா என்றால் குடிக்க ஆரம்பித்த ஒரு மணி நேரத்துக்குள்.

நடக்கத் தொடங்கியதும் கப்போடு திரிய விடாதீர்கள். அமெரிக்காவில் 1991 முதல் 2010 வரை, பாட்டில், சிப்பர், சூப்பான் இவற்றால் காயப்பட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்த மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் 45,000-க்கும் மேல் என்று 2012-ல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலானவை, அதை வைத்துக்கொண்டிருக்கும்போது விழுந்ததால் வந்தவை. உட்கார்ந்து குடிக்கட்டும்.

அப்படியானால் எதை எடுப்பது?

ஆறு மாதத்துக்குக் கீழே, பார்த்துக்கொள்ள ஒருவர் கூடவே இருக்கிறார் என்றால் சின்னத் திறந்த கப்தான், வேறு யோசனையே வேண்டாம். ஆறு மாதத்தைத் தாண்டியதும் வீட்டில் திறந்த கப், வெளியே ஸ்ட்ரா என்று இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். ஒன்று வராவிட்டால் இன்னொன்று வரும். குழந்தைகள் காப்பகத்தில் விடுவதாக இருந்தால், அங்கே ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் மடியில் வைத்திருக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஸ்ட்ராவை ஆரம்பித்துவிடுவது நல்லது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு வாரம் அதிலேயே நில்லுங்கள். நாளுக்கொரு கப் மாற்றினால் குழந்தைக்கு நாளுக்கொரு பாடம்.

எங்கள் வீட்டில் சிரப் மூடி ஒரு மாதம் ஓடியது. அப்புறம் வளைவாக வெட்டிய கப், எட்டாவது மாதம் ஸ்ட்ரா. பரிசாக வந்த மூன்று சிப்பரும் மூடி இல்லாமல் குளியலறையில் இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் மொண்டு என் தலையில் ஊற்றுவதுதான் அவளுக்கு இப்போது பிடித்த விளையாட்டு.